நாயைப் பார்த்துக்கொள்பவருக்குக் கூலி கொடுங்கள்

தீபாவளி, டிசம்பர் விடுமுறை, சித்திரைப் புத்தாண்டு என்று வந்துவிட்டால் இலங்கை மலையகத்து நகரங்களிலும் தேயிலைத் தோட்டங்களிலும் பல வீடுகள் பூட்டப்படுகின்றன. கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் போகிறவர்கள், யாழ்ப்பாணத்திலோ திருகோணமலையிலோ உறவினர் வீட்டுக் கலியாணத்துக்குப் போகிறவர்கள், இந்தியாவுக்குக் கோயில் யாத்திரை போகிறவர்கள் எல்லோரும் பல வாரங்களுக்கு முன்பே பயணச்சீட்டையும் தங்குமிடத்தையும் ஒழுங்கு செய்துவிடுகிறார்கள். வீட்டு நாயைப் பற்றிய பேச்சு மட்டும் புறப்படுவதற்கு முதல்நாள் இரவுதான் எழுகிறது. அதுவும் “பக்கத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் போதும், பார்த்துக்கொள்வார்கள்” என்ற ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. ஹட்டனில் நீண்ட காலமாக வாழ்கிறவன், சிறுவயது முதல் நாய்களோடு வளர்ந்தவன் என்ற வகையில், அந்த வரியை எதிர்த்தே இந்தப் பதிவை எழுதுகிறேன். ஒரு நாயைப் பல நாட்கள் பார்த்துக்கொள்வது முழுமையான ஒரு வேலை. அதற்கு ஒருவரை முன்கூட்டியே பேசி அமர்த்தி, உரிய கூலியைக் கொடுத்து, நாம் இல்லாத நேரத்தில் முடிவெடுக்கும் அதிகாரத்தையும் கொடுத்துவிட்டுத்தான் வீட்டைப் பூட்ட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

லயன்கள் எனப்படும் தோட்டத்து வரிசை வீடுகளில் சுவரோடு சுவர் ஒட்டி வாழும் நம்மவர்களிடம் உதவி கேட்டால் மறுக்கமாட்டார்கள். அந்த நல்ல குணத்தை நம்பித்தான் புறப்படும் அவசரத்தில் மூன்று வீடுகளில் சொல்லிவைக்கிறோம். இரண்டாம் வீட்டார் சோறு வைத்திருப்பார்கள் என்று முதல் வீட்டார் எண்ணுகிறார்கள். இரண்டாம் வீட்டார் மூன்றாம் வீட்டாரை நம்பியிருக்கிறார்கள். ஒருநாள் மூன்று வீட்டுச் சோறும் கிடைக்கிறது, மறுநாள் ஒரு பருக்கையும் கிடைப்பதில்லை. தண்ணீரைப் பற்றி எவருக்கும் நினைவு வருவதேயில்லை. நாய் வாந்தியெடுத்தால் கவனிப்பவர் யார், இருட்டிய பிறகும் அது வீடு திரும்பாவிட்டால் தேடிப்போகிறவர் யார் என்ற கேள்விகளுக்கு இப்படியான ஏற்பாட்டில் பதிலே இல்லை. எத்தனை பேர் அன்போடு முன்வந்தாலும் பொறுப்பு ஒருவருடையதாக இருக்க வேண்டும். அவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால் அடுத்தவர் யார் என்பதும் முன்பே பேசி முடிக்கப்பட்டிருக்க வேண்டும்.

நாய் எங்கும் ஓடிப்போகாமல் இருக்கட்டும் என்று இஸ்தோப்பு என்னும் முன்திண்ணையிலோ பின்வாசலிலோ சங்கிலியில் கட்டிவிட்டுப் போவது இதைவிடக் கொடியது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தீபாவளி விடியற்காலையில், எங்கள் தெருவில் ஆளில்லாத ஒரு வீட்டின் பின்புறத்திலிருந்து நாய் கதறும் சத்தம் கேட்டு ஓடினோம். வெடிச் சத்தத்துக்குப் பயந்து அது தாழ்ந்த மதிலைத் தாண்டிப் பாய்ந்திருக்கிறது. மதிலுக்கு அப்பால் நிலத்தைத் தொடும் அளவுக்குச் சங்கிலி நீளமில்லை. கழுத்துப்பட்டி தாடைக்குக் கீழே இறுகியிருக்க, முன்கால்கள் அந்தரத்தில் அடித்துக்கொள்ள, பின்கால் நகங்கள் மட்டும் மதிற் கல்லைப் பிடித்தும் வழுக்கியும் கொண்டிருந்தன. நாங்கள் போய்ச் சேரும்போது கதறல் அடங்கி மூச்சிரைப்பு மட்டுமே மிஞ்சியிருந்தது. பக்கத்து வீட்டு இளைஞர் ஒருவர் அதைக் கீழிருந்து தூக்கிப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் கொக்கியைக் கழற்றினார். நாய் பிழைத்துக்கொண்டது. வீட்டுக்காரருக்குத் தொலைபேசியில் சொன்னபோது, “சோறு வைக்கச் சொல்லிவிட்டுத்தானே வந்தோம்” என்றார். அவர் கல்நெஞ்சக்காரர் அல்லர் என்பது எங்களுக்குத் தெரியும். சோறு வைத்துவிட்டால் பராமரிப்பு முடிந்தது என்று உண்மையாகவே நம்புகிற எத்தனையோ பேரில் அவரும் ஒருவர்.

மலையகத்தில் வெளியே கட்டப்பட்ட நாய்க்கு வேறோர் ஆபத்தும் உண்டு. தேயிலை மலைகளை ஒட்டிய பற்றைக்காடுகளிலும் மானாப்புல் மேடுகளிலும் சிறுத்தைகள் நடமாடுவது மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவை மக்களுக்குப் புதிய செய்தியல்ல. இருட்டிய பின் லயன் ஓரத்துக்கு வரும் சிறுத்தைக்கு நாய் எளிதில் கிடைக்கும் இரை. சங்கிலியில் இருக்கும் நாய்க்குத் தப்பி ஓடவும் வழியில்லை. சரி, அவிழ்த்துவிட்டுப் போகலாமென்றால், காட்டுப்பன்றிக்காக வேலியோரங்களில் வைக்கப்படும் கம்பிச் சுருக்குகள் இருக்கின்றன. 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதியில் அப்படியொரு சுருக்கில் சிக்கிய அரிய கருஞ்சிறுத்தை உயிரிழந்தது நாடெங்கும் பேசப்பட்டது. அதே மாதிரியான சுருக்குகளில் மாட்டிக்கொள்ளும் நாய்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆகவே நம்மிடத்தில் நாய்க்கு ஏற்பாடு செய்யும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, இரவில் அது எங்கே படுக்கும் என்பதுதான். பொழுது சாயும் முன் உள்ளே எடுத்து, கதவு சாத்தக்கூடிய ஓர் இடத்தில், அது சமையலறையாகவோ விறகு வைக்கும் அறையாகவோ இருக்கலாம், சாக்கு விரித்துப் படுக்கவைக்க வேண்டும். ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி அதிகாலைகளில் புல்லில் உறைபனி படிவதைப் பார்த்தவர்களுக்கு, குட்டை மயிர் நாயொன்றை வெறும் சீமெந்துத் தரையில் விடக்கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இனிக் கூலியைப் பற்றிப் பேசுகிறேன். இந்தப் பதிவில் சிலருக்குப் பிடிக்காமற் போகக்கூடிய பகுதி இதுவாக இருக்கலாம். நகரத்திலும் தோட்ட உத்தியோகத்தர் வீடுகளிலும் நாயை விட்டுப்போகிறவர்கள் பெரும்பாலும் யாரிடம் விட்டுப்போகிறார்கள் என்று கவனித்திருக்கிறேன். வீட்டு வேலைக்கு வரும் பெண், காவல்காரர், பக்கத்து லயனில் கொழுந்தெடுக்கப் போகும் அக்கா, அல்லது வீட்டிலேயே விட்டுப்போகும் வயதான தாய் தகப்பன். இவர்களில் எவரும் ஏற்கெனவே சும்மா இருப்பவர்கள் அல்லர். திரும்பி வரும்போது ஒரு பெட்டி பலகாரமும் ஒரு சேலையும் கொடுத்தால் கணக்குத் தீர்ந்துவிட்டதாக நினைக்கிறோம். ஆனால் கொழுந்தெடுக்கும் பெண்ணொருவர் நம்முடைய நாயைத் தூக்கிக்கொண்டு வைத்தியரிடம் போக நேர்ந்தால், அன்றைக்கு அவருக்குப் பேர் விழாது, அதாவது அந்த நாட்சம்பளம் கிடைக்காது. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்படுவதற்கு எத்தனை ஆண்டுகள் போராட்டம் நடந்தது என்பதை அறிந்த நாமே, அந்தச் சம்பளத்தை நம் நாய்க்காக இழக்கும்படி ஒருவரிடம் வாய் கூசாமல் கேட்கலாமா? நாளொன்றுக்கு இவ்வளவு என்று பேசி, பாதியை முன்கூட்டியே கையில் கொடுங்கள். வேலைக்குப் போக முடியாத நாள் வந்தால் அந்த நாட்சம்பளத்தையும் தருவதாகச் சொல்லுங்கள். நாய்க்கான அரிசி, நெத்தலி, கோழித்தலை எதுவானாலும் அவருடைய உலையிலிருந்து எடுக்கும்படி வைக்காதீர்கள். கூலி வாங்கியவர் தயங்காமல் தொலைபேசி எடுப்பார், குறையைச் சொல்வார், தன்னால் முடியாததை முடியாது என்பார். கடமைப்பட்டவரைப் போல நடத்தப்படுகிறவர், கெட்ட செய்தியைச் சொல்லப் பயந்து கடைசி நேரம் வரை மறைப்பார். உறவுக்குள் காசு பேசுவது முறையா என்று கேட்பவர்களுக்கு, உறவைக் காப்பாற்றுவதற்கே அப்படிப் பேச வேண்டும் என்று சொல்வேன்.

கூலியைப் போலவே முக்கியமானது அதிகாரம். குட்டி நாயொன்றுக்குப் பார்வோ நோய் கண்டால், வாந்தியும் இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கும் தொடங்கி இரண்டு மூன்று நாட்களுக்குள் உயிர் போய்விடலாம். “ஐயா வந்து சொல்லட்டும்” என்று காத்திருக்க அங்கே அவகாசம் கிடையாது. அரச கால்நடை வைத்தியர் அலுவலகத்தின் தொலைபேசி எண், அது மூடியிருக்கும் நேரத்தில் போகக்கூடிய தனியார் வைத்தியரின் எண், ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் எண் ஆகியவற்றை ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கொடுங்கள். எவ்வளவு தொகை வரை கேட்காமலே செலவழிக்கலாம் என்பதையும், நிலைமை மோசமானால் பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவ பீடத்தின் போதனா வைத்தியசாலை வரை கொண்டுபோக வேண்டுமா என்பதையும் கையொப்பமிட்டு எழுதிவையுங்கள். அந்தத் தாளோடு தடுப்பூசி அட்டையும் காசும் ஒரே உறையில் இருக்கட்டும்.

இதெல்லாம் மிகைப்படுத்தல் என்று நினைப்பவர்கள் 2025 நவம்பர் இறுதியை நினைத்துப் பார்க்க வேண்டும். டித்வா புயல் கொண்டுவந்த மழையில் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மண்சரிவுகள் ஏற்பட்டு வீதிகள் மூடுண்டன. மலையக ரயில் பாதை சேதமடைந்தது. பல இடங்களில் மின்சாரமும் தொலைபேசியும் இல்லாமற் போயின. நூற்றுக்கணக்கான மனித உயிர்கள் பறிபோன அந்த நாட்களோடு சேர்த்து நாயைப் பற்றி எழுதத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும் இரண்டு நாளில் திரும்பலாம் என்று புறப்பட்டவர் வழியிலேயே நின்றுவிடுவதும், வீட்டில் இருப்பவரோடு ஒரு சொல் பேச முடியாமற் போவதும் மலைநாட்டில் நடக்கக்கூடியவை என்பதை அந்தப் பேரிடர் எல்லோருக்கும் காட்டியது. திரும்பும் நாளுக்கு அப்பாலும் ஒரு வாரத்துக்குத் தேவையான உணவை விட்டுப்போவது அவசியம். மண்சரிவு எச்சரிக்கை வந்தால் நாயையும் அவிழ்த்து உடன் அழைத்துச் செல்லும்படி சொல்லிவைப்பது அதைவிட அவசியம்.

கண்டிப் பக்கத்திலும் கொழும்பிலும் கட்டணம் வாங்கி நாய்களைத் தங்கவைக்கும் இடங்கள் இருக்கின்றனவே என்று நண்பர்கள் கேட்பதுண்டு. நல்ல இடங்கள் உண்டு, வசதியுள்ளவர்கள் பயன்படுத்தலாம். ஆனால் முதலில் நேரில் போய்ப் பார்க்காமல் விடாதீர்கள். பல நாய்கள் கூடும் இடத்தில் நாய்க்கூண்டு இருமலும் டிஸ்டெம்பர் என்ற தொற்றுநோயும் பார்வோவும் பரவக்கூடும். பார்வோ கிருமி தரையில் பல மாதங்கள் உயிரோடிருக்கும், சாதாரணச் சவர்க்காரத்துக்கும் அழியாது. உங்கள் நாயின் தடுப்பூசி அட்டையைக் கேட்காதவர், பக்கத்துக் கூட்டு நாயின் அட்டையையும் கேட்டிருக்கமாட்டார். தடுப்பூசி போட்ட அன்றே எதிர்ப்புச் சக்தி வந்துவிடாது என்பதால், பயணத்துக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே அதை முடித்துவிட வேண்டும். நாயைக் கூடவே கொண்டுபோவது சொந்த வாகனம் உள்ளவர்களுக்கு மட்டுமே கைகூடும். அப்போதும் நம்முடைய குளிருக்குப் பழகிய அடர்ந்த மயிர் நாயை வவுனியா வெயிலில் மூடிய வாகனத்துக்குள் சிறிது நேரம் விட்டாலும் அதன் உயிருக்கு ஆபத்து.

என்னைக் கேட்டால், நாய்க்குத் தெரிந்த மனிதர், தெரிந்த வாசல், தெரிந்த தட்டு, இவற்றுக்கு ஈடாக எதையும் சொல்லமாட்டேன். எங்கள் வீட்டுக்கு மேலேயுள்ள லயனில் வசிக்கும் அக்கா ஒருவர்தான் நாங்கள் ஊரில் இல்லாத நாட்களில் எங்கள் நாய் மணியைப் பார்த்துக்கொள்கிறார். நாங்கள் புறப்படுவதற்குச் சில நாட்கள் முன்பிருந்தே மாலையில் வந்து அவரே சோறு வைக்கத் தொடங்குவார். அலுமினியத் தட்டைக் கதவு நிலையில் இரண்டு தரம் தட்டி, கீழே வைத்துவிட்டு, நாய்க்கு முதுகைக் காட்டியபடி படியில் அமர்ந்து வெற்றிலை மடிப்பார். “பார்த்துக்கிட்டே இருந்தா அது வாய் வைக்காது தம்பி, நம்ம பாட்டுல இருக்கணும்” என்று அவர்தான் எனக்குச் சொன்னார். வீட்டார் போன முதல் நாளில் பல நாய்கள் உணவைத் தொடாது. வாசலையே பார்த்துக்கொண்டு கிடக்கும். அதைக் கண்டு பதறி இனிப்பு பிஸ்கட்டையும் வேகவைத்த கோழி எலும்பையும் போட்டுக் கெடுக்காமல், அதே நேரத்தில், அதே தட்டில், அதே உணவை வைத்துக்கொண்டிருக்கும் பொறுமை வேண்டும். வெந்த எலும்பு கூராகப் பிளந்து குடலைக் கிழித்துவிடும் என்று அந்த அக்காவுக்கு நான் சொன்னேன். நடையால் வந்ததும் நாயின் மூக்கிலும் விரலிடுக்கிலும் இரத்தம் உறிஞ்சும் அட்டை இருக்கிறதா என்று பார்க்க அவர் எனக்குச் சொல்லித் தந்தார்.

பெட்டை நாய் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பருவத்துக்கு வரும் மூன்று வாரக் காலம் உங்கள் பயணத்தோடு சேர்ந்து வந்துவிட்டால், வீடு தெருவிலுள்ள எல்லா நாய்களுக்கும் போர்க்களமாகும். ஏறத்தாழ 63 நாட்கள் கழித்துப் பிறக்கும் குட்டிகள் நகரத்துச் சந்தையோரத்தில் பெட்டியோடு விடப்படுவதைத்தான் நாம் மாதந்தோறும் பார்க்கிறோம். பயணம் வைப்பதற்கு முன் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துவிடுங்கள்.

கடைசியாக, பார்த்துக்கொள்பவரின் பாதுகாப்பு. லயன் அறையில் சின்னப் பிள்ளைகள் இருப்பார்கள். பயந்துபோன நாய் பழகியவரையும் கடிக்கக்கூடும். விசர்நாய்க்கடி நோய் அறிகுறி காட்டிய பின் ஏறக்குறைய எவரும் பிழைப்பதில்லை என்பதால், ஆண்டுதோறும் போடும் அந்தத் தடுப்பூசியைப் போடாத நாயை இன்னொருவர் வீட்டில் விடுவதற்கு நமக்கு உரிமையே கிடையாது. சுகாதாரத் திணைக்களம் அதை இலவசமாகப் போடுகிறது; உங்கள் பகுதிக்கு எப்போது வருகிறார்கள் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டால் தெரியும். கடி பட்டால் காயத்தை ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, சிறு கீறலானாலும் உடனே அரச வைத்தியசாலைக்குப் போகும்படி சொல்லிவையுங்கள். ஊசிக்காக அவர் பல தடவை வைத்தியசாலைக்குப் போய்வர நேரும். அந்தப் போக்குவரத்துச் செலவும், அந்த நாட்களின் சம்பளமும் நாயின் சொந்தக்காரர் கொடுக்க வேண்டியவை.