ரேஷன் பாமாயில் எந்தக் காட்டிலிருந்து வருகிறது?

ஏற்காடு நாகலூரில் சித்தப்பாவுக்கு இரண்டு ஏக்கர் காபித் தோட்டம். போன மாதம் போயிருந்தபோது சில்வர் ஓக் நிழலில் நின்று போனில் ஜிபிஎஸ் புள்ளி எடுத்துக்கொண்டிருந்தார். "2020 டிசம்பர் 31-க்கு அப்புறம் காட்டை அழிச்சுப் போட்ட தோட்டம் இல்லைன்னு காட்டணும்டா. இல்லேன்னா ஐரோப்பாவுல வாங்க மாட்டாங்களாம்" என்றார். சின்னத் தோட்டத்துக்கு ஒரு புள்ளி போதும். 4 ஹெக்டேருக்கு மேல் என்றால் எல்லையையே வரைந்து கொடுக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023-ஆம் ஆண்டுச் சட்டம் இது. அமலாவது இரண்டு முறை தள்ளிப்போயிருக்கிறது. சித்தப்பாவுக்கு அலைச்சல்தான், ஆனாலும் கேட்பது நியாயமான கேள்வி.

மலையிறங்கி வீட்டுக்கு வந்தால் மேசை மேல் ரேஷன் பாமாயில் பாக்கெட். லிட்டர் 25 ரூபாய். 2007-லிருந்து நம் அரசே வாங்கிக் கொடுக்கிறது. எத்தனையோ வீடுகளில் தாளிப்பதே இதில்தான். உலகத்துப் பாமாயிலில் பெரும்பகுதி இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் விளைகிறது. சுமத்ராவிலும் போர்னியோவிலும் மழைக்காட்டை வெட்டி, சதுப்பு நிலத்தின் நீரை வடித்து, மிச்சத்துக்குத் தீ வைத்துத்தான் பல தோட்டங்கள் வந்தன. ஒராங்குட்டான் இருந்த இடம் அது. இரண்டு ஏக்கர்காரரிடம் கேட்கிற கேள்வியை, இவ்வளவு எண்ணெய் வாங்கும் நம் அரசு ஏன் விற்பவரிடம் கேட்கக் கூடாது?

பாமாயிலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 25 ரூபாய் எண்ணெயை ஏழை வீட்டிலிருந்து பிடுங்குவது அநியாயம். அதோடு, ஒரு ஏக்கரில் எண்ணெய்ப்பனை கொடுக்கிற அளவுக்கு வேறு எந்த வித்தும் எண்ணெய் கொடுக்காது. அதை விட்டு வேறு எண்ணெய்க்குப் போனால் இன்னும் அதிக நிலம் வேண்டும். மொத்தமாகத் தடை போட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். மத்தியப் பொதுப்பணித் துறை 1993-ல் தன் கட்டடங்களில் மரமே கூடாது என்றது. அந்த இடத்தில் இரும்பும் அலுமினியமும் பிளாஸ்டிக்கும் வந்தன. 2020-ல் தடையை எடுத்துவிட்டார்கள்.

அதனால் நான் கேட்பது டெண்டரில் ஒரு நிபந்தனை. எந்தத் தோட்டத்து எண்ணெய், அங்கே எப்போது காடு அழிந்தது என்று விற்பவர் காட்ட வேண்டும். அரசு வாங்கும் பொருளால் காடு அழியக் கூடாது என்று நார்வே நாடாளுமன்றம் 2016-லேயே முடிவெடுத்தது. குறைந்த விலை சொன்னவருக்கே டெண்டர் என்பது மட்டும் நம் விதியாக இருக்கும்வரை, காட்டை எரித்தவருக்குத்தான் லாபம். முதல் வருடம் மொத்தக் கொள்முதலில் கால்வாசிக்கு மட்டும் இதைக் கேட்கட்டும். லிட்டருக்கு ஒன்றிரண்டு ரூபாய் கூடினால் அரசு ஏற்கட்டும், கார்டுதாரர் தலையில் விழக் கூடாது.

வரும் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் இதை மனுவாகக் கொடுக்கப் போகிறேன். சித்தப்பாவும் இறங்கி வருகிறார். சேலத்துக்காரர்கள் யாராவது கையெழுத்துப் போடுவதாக இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள்.