உண்மை விளக்கம்: பாய்மரக் கம்பியை இறுக்க இறுக்கப் பாதுகாப்பா?

"படகு ஓடும்போது, பாய்மரத்தை இருபுறமும் தாங்கும் கம்பிகளில் காற்றுக்கு மறைவான பக்கத்துக் கம்பி தளர்ந்தால் பாய்மரம் விழப்போகிறது, கையால் தள்ளினாலும் அசையாத அளவுக்கு டர்ன்பக்கிளை (கம்பியை இறுக்கும் திருகை) முறுக்குங்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

காற்று வாங்கும் பக்கம் சுமையை ஏற்கும்போது எதிர்ப்பக்கக் கம்பி கொஞ்சம் இளகுவது இயல்பு. மிதமான காற்றிலேயே தொய்ந்து ஆடினால்தான் இறுக்கம் போதாது. அளவுக்கு மீறி முறுக்கினால் மரம் கீழே அழுத்தப்படும், படகின் உடலே வளையும்.

கை உணர்வை நம்பவே வேண்டாம், தடித்த கம்பி எப்போதும் இறுக்கமாகத்தான் தோன்றும். 2 மீட்டர் மடக்கு அளவுகோல் போதும். கம்பியைக் கையால் இறுக்கிவிட்டு, அளவுகோலின் மேல்முனையை மட்டும் அதில் டேப்பால் ஒட்டுங்கள். கீழ்முனை கம்பியின் முனைப்பிடியைத் தொட்டும் தொடாமலும் நிற்கட்டும். அப்புறம் இரு பக்கமும் மாறி மாறி முறுக்குங்கள். 19 இழை ஸ்டெயின்லெஸ் கம்பியில் அங்கே 1 மில்லிமீட்டர் இடைவெளி விழுந்தால், கம்பி அறுந்துபோகும் பளுவில் 5 சதவீத இழுவிசை என்று பொருள். கம்பி எந்தத் தடிமனானாலும் இதே கணக்குதான். பாய்மரத்தின் மேல்பகுதிக்குப் போகும் உச்சிப் பக்கக் கம்பிகளுக்குப் பொதுவாக 15 முதல் 20 சதவீதம், அதாவது 3, 4 மில்லிமீட்டர்.

பாய்மரம் தயாரிக்கும் ஸ்வீடன் நிறுவனம் செல்டனின் இலவச வழிகாட்டியில் இதைச் சரிபார்க்கலாம். உங்கள் படகின் கையேடு வேறு அளவு சொன்னால் அதுவே சரி.

அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே முறுக்கியவர்கள் படகைக் கரையில் கட்டியிருக்கும்போது தளர்த்தி அளந்துவிட்டு, டர்ன்பக்கிள் தானாகக் கழலாமல் தடுக்கும் பின்னை மறக்காமல் மாட்டுங்கள்.