பதினாலுல ஒன்பதாம், வெங்காயமாம்!

ஃபைனல் ஃபேன்டசி 14 ஆன்லைன் கேம்ல ஷேடோபிரிங்கர்ஸ், எண்ட்வாக்கர்னு வர்ற ரெண்டு கதைப் பகுதியையும் முடிக்காதவங்க இப்பவே ஓடிடுங்க. கதையை மொத்தமா உடைக்கப் போறேன். எனக்கு இருக்குற கடுப்புல நாசூக்கா எழுத வராது.

நேத்து ராத்திரி என் தங்கச்சி ஷேடோபிரிங்கர்ஸ் கடைசிக் கட்டத்துக்கு வந்துட்டா. ரெண்டு மாசமா கூடவே இருந்து, ஒரு வார்த்தை வாய் தவறிடாம பொத்திப் பொத்திக் கூட்டிட்டு வந்தேன். வாய்ஸ் சாட்ல நாங்க நாலு பேர். ஸ்கிரீன்ல ஆர்ட்பெர்ட் வந்து நிக்குறான். நூறு வருஷமா யார் கண்ணுக்கும் படாம ஆவியா அலைஞ்சவன். எந்த உலகத்துக்காக உயிரைக் கொடுத்தானோ, அந்த உலகமே தன்னைத் துரோகின்னு ஏசுறதைக் கேட்டுக்கிட்டே திரிஞ்சவன். இன்னும் ஒரே ஒரு அடி எடுத்து வைக்கத் தெம்பு கிடைச்சா ரெண்டு உலகத்தையும் காப்பாத்துவியான்னு கேட்டுட்டு, நாம ஆடுற ஹீரோவோட உயிர்ல தன் உயிரையே கலந்துட்டுப் போறான். மைக்ல அவ மூக்கை உறிஞ்சுற சத்தம் கேக்குது. நான் வாயே திறக்கல.

எங்க நாலு பேர்ல ஹீலரா ஆடுறவன் திறந்தான்.

"ஆங், இப்ப நீ 9/14. அதான் கடைசி வில்லன் எமெட்-செல்க்கை அடிக்க முடியும்."

அவ்வளவுதான். உறிஞ்சுற சத்தம் நின்னுச்சு. "ஒன்பதா? மீதி?"ன்னு கேட்டா. இவன் கிளாஸ் எடுக்க ஆரம்பிச்சான் பாருங்க, முக்கால் மணி நேரம்! சண்டைக்குள்ள நுழையவே இல்ல.

அவன் சொன்ன எண் பொய்யில்ல. கதைப்படி ஹைடேலின்ங்கிற தெய்வம் உலகத்தை உடைச்சதுல ஒரு மூல உலகமும் 13 நிழல் உலகங்களும் ஆச்சு (இருட்டுல மூழ்கிப்போன வாய்டும் அந்த 13-ல ஒண்ணு). விரல் விட்டு எண்ணுற சிலரைத் தவிர, பழங்கால மனுஷங்க உயிர் ஒவ்வொண்ணும் 14 துண்டாச்சு. அதுல 7 உலகத்தை எமெட்-செல்க்கோட கூட்டமான அசியன்கள் மூலத்தோட மோத வெச்சுச் சேர்த்துட்டாங்க. அதனால மூல உலகத்து ஆளுங்களுக்கு 8/14, அதே உயிரோட இன்னொரு துண்டான ஆர்ட்பெர்ட்டும் கலந்ததால நம்ம ஹீரோவுக்கு, அதாவது நமக்கு மட்டும் 9. சரி. கூட்டல் எனக்கும் தெரியும். நானும் முதல் தடவை முடிச்சப்போ பேப்பர்ல எழுதிப் பார்த்தவன்தான், மறைக்கல. சேரச் சேர உயிர் கெட்டியாகும், அதுல கொஞ்சம் கூடுதல் பலம் வரும்னு சொன்னாலும் சரி, ஒத்துக்குறேன்.

ஆனா இந்த ஹீலர் மாதிரி ஆளுங்களே, அதை வெச்சு ஒவ்வொரு கேரக்டர் நெத்தியிலயும் ஒரு பின்னத்தை ஒட்டி, யார் யாரை அடிப்பாங்கன்னு பட்டியல் போடுறீங்களே, அங்கதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது.

ரஞ்ஜித்தை எடுத்துக்கோங்க. நம்மளை எதிர்க்குற யூல்மோர் நகரத்துப் படைத்தளபதி. (பேரைக் கேட்டா நம்ம கூடப் படிச்ச பையன் மாதிரி இருக்கும், ஆளு கிழவர்.) முதல் நிழல் உலகத்துலயே பிறந்து வளர்ந்தவர். உங்க கணக்குப்படி அவர் வெறும் 1/14. ஆர்ட்பெர்ட் கலக்குறதுக்கு முன்னாடி நாம 8. எட்டு மடங்கு! ஒரு தும்மலுக்குத் தாங்கக் கூடாது. அந்த மனுஷன் நம்மளை எப்படித் திணறடிச்சார்னு ஞாபகம் இருக்கா? நம்ம கூட்டாளி தான்கிரெட் அவரைத் தனியா சமாளிச்சுட்டு, சாகாத குறையா விழுந்து கிடந்தானே? இதைக் கேட்டா ஹீலர் சொல்றான், "தான்கிரெட்டுக்கு அங்க உடம்பு இல்ல, உயிர் மட்டும்தான் போச்சு, அதனால கணக்குல வராது"ன்னு. டேய், நாம உடம்போடதானடா போனோம்? அதுக்கு பதில் இல்ல. "அது ரைட்டிங் மிஸ்டேக்"காம். தியரிக்கு ஒத்து வரலன்னா கதை எழுதினவங்க மேல தப்பு!

எமெட்-செல்க் முழுசா 14. ஒரு கீறல் விழாத உயிர். எண்தான் ஜெயிக்கும்னா 9 எப்படி 14-ஐ ஜெயிச்சுது? அன்னைக்கு நாம தனியா நிக்கல. இன்னொரு கூட்டாளி கிராஹா டியா வேற உலகங்கள்ல இருந்து ஆளுங்களைக் கூப்பிட்டுக் கூட நிறுத்தினான். நமக்குள்ள ஏறி நம்மளைக் கொன்னுட்டிருந்த அதே ஒளிதான் கடைசியில கோடரியாகிப் பறந்தது. ஆர்ட்பெர்ட் வந்ததும் பலம் ஏறினதை விட, உடையப் போன உயிர் உடையாம நின்னதுதான் பெருசு. அந்த ஒரு காட்சிக்கு எத்தனை மணி நேரமாக் கதை ஏத்திட்டு வந்தாங்க! நீங்க அதைச் சத்து மாத்திரை ஆக்கிட்டீங்க.

எண்ட்வாக்கருக்கு வந்தா இன்னும் கேவலம். அங்க டைனமிஸ்னு ஒண்ணு வருது, உணர்ச்சியால இயங்குற சக்தி. ஈத்தர்ங்கிற உயிர்ச்சக்தி அடர்த்தியா இருக்குறவங்களுக்கு அது வசப்படாது. அதனாலதான் அந்த மாபெரும் பழங்கால ஆளுங்க அது முன்னாடி கையைப் பிசைஞ்சுட்டு நின்னாங்க. துண்டாகி மெலிஞ்ச நமக்குத்தான் அது கைகொடுக்குது. அதாவது கெட்டியா இருக்குறதே அங்க கோளாறு. இதை வாய் வலிக்கச் சொன்னேன். "அப்போ டைனமிஸுக்குத் தனி பவர் லெவல் போடணும்"னு சொல்றான்.

ஆனா என்னைத் தூங்க விடாதது இது எதுவும் இல்ல. "மீதி 5 துண்டையும் சேர்த்தா நாம ஃபுல் அஸெம் ஆகிடலாம்"னு அவன் சொன்னான் பாருங்க, அது. (அஸெம்தான் துண்டாகுறதுக்கு முன்னாடி நம்ம உயிரா இருந்த பழங்கால ஆளு.) ஒரு துண்டு சேர்றதுன்னா என்னன்னு தெரிஞ்சுதான் பேசுறானா? ஒரு உலகம் மொத்தமா அழியணும். இந்தப் பக்கமும் ஒரு பேரழிவு வரணும். ஏழாவது பேரழிவு 2012 நவம்பர்ல இந்த கேமோட பழைய சர்வரை மூடினப்பவே நடந்துச்சு, நிலா உடைஞ்சு பஹமுட்ங்கிற டிராகன் வெளிய வந்ததை அப்போ ஆடினவங்க நேராப் பார்த்தாங்க. நம்ம 8-ல 7 அப்படிச் செத்த உலகங்களோட மிச்சம். அதை ஏதோ டிராகன் பால் சேர்க்கிற மாதிரி "இன்னும் அஞ்சுதான் பாக்கி"ன்னா?

அதுவும் எமெட்-செல்க் என்ன சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான்? நீங்க எல்லாம் துண்டு துக்காணி, முழுசா உயிர் உள்ளவங்களே இல்ல, உங்களைக் கொன்னா அது கொலையில சேராதுன்னான். முதல் நிழல் உலகத்து ஜனங்களை "அவனுங்க 1/14 தானே"ன்னு தூக்கிப் போடுறியே, அந்த வில்லன் வசனத்தைத்தானே நீயும் ஒப்பிக்குற? அவனாவது பன்னெண்டாயிரம் வருஷம் செத்தவங்களுக்காக அழுதுட்டுச் சொன்னான். நீ எக்ஸெல் ஷீட் வெச்சுக்கிட்டுச் சொல்ற.

ராத்திரி ஒரு மணிக்குக் கத்தித் தீர்த்துட்டு லாக் ஆஃப் பண்ணினேன். காலையில தங்கச்சி கதவைத் தட்டுறா. ஆர்ட்பெர்ட்டைப் பத்தி ஏதாவது பேசுவான்னு ஆசையா எழுந்து போனேன்.

"அண்ணா, அந்த மீதி அஞ்சுல ஒண்ணு வாய்டுல இருக்குமா?"