முதலில் கால்வாய், அப்புறம் ஜேசிபி

எங்கள் ஏரியில் இந்த வருடமும் ஜேசிபி இறங்கியது. நான்கு நாள் ஆகாயத்தாமரையை வாரிக் கரையில் குவித்தார்கள், போட்டோ எடுத்தார்கள், போய்விட்டார்கள். குவித்தது அங்கேயே அழுகி, முதல் மழைக்கு மறுபடி ஏரிக்குள் இறங்கியது. வரத்துக் கால்வாயில் கறுப்பாக வந்து விழும் சாக்கடையை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இந்தக் கூத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஏரி விஞ்ஞானி டேவிட் ஷிண்ட்லர் ஞாபகம்தான் வரும்.

கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தின் வடமேற்கில், காட்டுக்குள் கிடந்த 58 சின்ன ஏரிகளை 1968ல் ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கினார்கள். அங்கே போய் உட்கார்ந்தவர் ஷிண்ட்லர். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அமெரிக்க-கனடா எல்லையில் இருக்கும் ஈரி ஏரி பாசி மண்டிச் செத்துவிட்டது என்று வட அமெரிக்கா முழுக்கப் பேச்சாக இருந்த காலம். துணி துவைக்கும் பவுடரில் இருக்கும் பாஸ்பேட்தான், அதாவது பாஸ்பரஸ்தான் காரணம் என்று ஒரு கட்சி. இல்லை, பாசியை வளர்ப்பது கார்பன்தான் என்று சோப்புக் கம்பெனிகளின் கட்சி.

ஷிண்ட்லர் ஆய்வகக் குடுவையோடு நிற்கவில்லை, முழு ஏரியையே குடுவையாக்கினார். 1969ல் தொடங்கி, 227ஆம் எண் ஏரியில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் மட்டும் கலந்தார். அந்தத் தண்ணீரில் கார்பன் ஏற்கெனவே மிகக் குறைவு, அவரும் ஒரு சிட்டிகை சேர்க்கவில்லை. ஆனாலும் ஏரி பச்சைப் பசேல் என்றாகிவிட்டது. வேண்டிய கார்பனைக் காற்றிலிருந்தே இழுத்துக்கொண்டது! 1973ல் அடுத்தது. 226ஆம் ஏரி நடுவில் இடுப்பு சிறுத்த ஏரி. அந்த இடத்தில் குறுக்கே பிளாஸ்டிக் திரையைக் கட்டினார்கள். ஒரு பக்கம் கார்பனும் நைட்ரஜனும். மறுபக்கம் அதே இரண்டோடு பாஸ்பரஸும். சில மாதங்களில் வானிலிருந்து எடுத்த படத்தில் ஒரு பாதி கருநீலம், மறுபாதி பாசிப் பச்சை. ஆயிரம் பக்க அறிக்கை எழுதியிருந்தாலும் அந்த ஒரு படத்துக்கு ஈடாகாது. (நைட்ரஜனையும் சேர்த்துக் குறைக்க வேண்டும் என்று வாதிடும் விஞ்ஞானிகள் இன்றும் உண்டு. அந்தச் சண்டை ஓயவில்லை.)

எனக்கு இதைவிடப் பிடித்தது 304ஆம் ஏரி. அங்கே முதலில் மூன்றையும் கலந்தார்கள், பிறகு பாஸ்பரஸை மட்டும் நிறுத்தினார்கள், மற்ற இரண்டும் போய்க்கொண்டே இருந்தன. ஏரி சீக்கிரமே தெளிந்துவிட்டது. நம் ஏரிக்குப் பாஸ்பரஸைக் கொண்டுவருவது அந்தக் கால்வாய்ச் சாக்கடைதான்.

சரி, இது தண்ணீர்க் கதை. காற்றுக் கதையும் இருக்கிறது. செத்த பாசி அடியில் படிகிறது, மக்கும்போது ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது, சேற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் மீத்தேனைக் கக்குகின்றன. கோடையில் ஏரிச் சேற்றில் குச்சியை விட்டுக் கிண்டினால் குபுகுபுவென்று கொப்புளம் வருமே, அதுதான். 1776ல் இத்தாலியின் மஜோரே ஏரியில் விஞ்ஞானி வோல்ட்டாவும் இதையேதான் செய்தார். சேற்றைக் கிளறி, வந்த வாயுவைப் பிடித்துப் பற்றவைத்துப் பார்த்தார். ஆழமான ஏரியில் மீத்தேன் மேலே வருவதற்குள் பெரும்பகுதியை வேறு நுண்ணுயிர்கள் தின்றுவிடும். நம் ஏரிகள் ஆழம் குறைந்தவை, கொப்புளம் நேராகக் காற்றுக்குப் போய்விடும். நூறு வருடக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைவிட 28 மடங்கு சூடேற்றும் சமாச்சாரம் அது.

ஸ்வீடனின் டேவிட் பாஸ்ட்விக்கன் குழு இந்தியாவில் 45 நீர்நிலைகளில் அளந்து பார்த்தது. ஏரி, குளம், ஆறு, கால்வாய், கிணற்றைக்கூட விடவில்லை. எல்லா வகையிலிருந்தும் மீத்தேன் வந்தது. 2014ல் வெளிவந்த அவர்களுடைய கணக்குப்படி, இந்திய நிலப்பரப்பு உறிஞ்சுகிற கார்பனில் சுமார் 42 சதவீதத்துக்கு ஈடான சூட்டை நம் உள்நாட்டு நீர்நிலைகளே திருப்பி விடுகின்றன. கரையில் மரக்கன்று நட்டு, பக்கத்திலேயே சாக்கடையை உள்ளே விடுகிறோம். என்ன கணக்கு இது?

தூர் வாருவதே கூடாது என்று நான் சொல்லவில்லை. வருடக்கணக்காகப் படிந்த சேற்றில் பாஸ்பரஸ் சேர்ந்து கிடக்கிறது. சாக்கடையை நிறுத்திய பிறகும் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். கனடாக் காட்டு ஏரி மாதிரி நம் ஏரி சட்டென்று தெளியாது. அதனால் வாரத்தான் வேண்டும். ஆனால் குழாயை மூடாமல் தொட்டியை இறைத்துக்கொண்டே இருந்தால் காண்ட்ராக்டருக்கு மட்டும்தான் வருடா வருடம் வேலை.

போன வாரம் இதையே மனுவாக எழுதிக்கொண்டு போனேன். வாங்கிப் படித்தவர் நல்ல மனிதர், டீகூட வாங்கிக் கொடுத்தார். "ஏரி எங்களோடது சார், கால்வாய் வேற ஆபீஸ்" என்றார். அந்த ஆபீசுக்கு வியாழக்கிழமை காலை போகிறேன். ஊர்க்காரர்கள் இரண்டு பேர் கூட வந்தால் நன்றாக இருக்கும், இன்பாக்ஸில் சொல்லுங்கள்.