நுனி மூன்று அங்குலம் குட்டை

நான்கு துண்டாகக் கழற்றும் 9 அடி ஃப்ளை ராடு என்கிற மீன்பிடிக் கோலின் துண்டுகளை வரிசையாகத் தரையில் வைத்தால், நான்கும் ஏறக்குறைய ஒரே நீளம் இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் சுமார் 28 அங்குலம். போன ஞாயிற்றுக்கிழமை மேடவாக்கத்தில் ஒரு வீட்டுக் கூடத்தில் நான் வரிசை வைத்துப் பார்த்த ராடில் நுனித் துண்டு மட்டும் மூன்று அங்குலம் குட்டை. எப்போதோ ஒடிந்திருக்கிறது. ஒடிந்த முனையைச் சீவிவிட்டு, நுனி வளையத்தைப் பசை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். வழிந்த பசை மஞ்சளாகக் காய்ந்து நிற்கிறது, நகத்தால் சுரண்டினால் உதிர்கிறது. இந்த ராடைத்தான் விற்கிறவர் முந்தின நாள் தொலைபேசியில் "புத்தம் புதிதுபோல இருக்கும் தம்பி, மூன்று தடவைதான் வீசியிருப்பேன்" என்றார். வாய் கூசவில்லையா?

பெரம்பூரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போயிருக்கிறேன். ஏழு மாதம் சேர்த்த 14,000 ரூபாய் சட்டைப் பையில் இருக்கிறது. நுனி ஒடிந்தது என்று ஒரு வார்த்தை முன்பே சொல்லியிருந்தால் அந்த வெயிலில் நான் ஏன் அலையப் போகிறேன்? கேட்டால் பதில் என்ன தெரியுமா? "அமெரிக்காவில் இது 300 டாலர்." அங்கே 300 டாலர் கொடுத்தவருக்கு ஒடியாத ராடு கிடைத்தது, அதோடு கம்பெனியின் ஆயுட்கால உத்தரவாதமும் கிடைத்தது. அந்த உத்தரவாதம் பெரும்பாலும் முதலில் வாங்கியவருக்கு மட்டும்தான், கை மாறினால் செல்லாது. உடைந்ததை என் தலையில் கட்டிவிட்டு உடையாததன் விலையைக் கேட்பது எந்த ஊர் நியாயம்?

லைன் சுற்றி வைக்கிற ரீலைத் திறந்ததும் இன்னும் வயிறு எரிந்தது. உள்ளே சுற்றியிருந்தது ஃப்ளை லைனே அல்ல, ஈயக் குண்டு கட்டி வீசும் தூண்டிலுக்குப் போடுகிற சாதாரண நைலான் நரம்பு. "முழு செட்" என்று சொல்லி விற்கிறார்! ஃப்ளை என்பது இறகும் நூலும் சுற்றிய ஒரு முள், அதற்கு எடையே கிடையாது. சாதாரணத் தூண்டிலில் ஈயம் முன்னே பறக்கும், நரம்பு பின்னால் போகும். இதில் தடித்த லைனின் எடைதான் ராடை வளைத்து, ஃப்ளையை முன்னே இழுத்துக்கொண்டு போகிறது. அந்த லைன் இல்லாத செட், நாண் இல்லாத வில். புதிதாகத் தொடங்குகிற பிள்ளை ஒன்று இதை வாங்கியிருந்தால், பத்து நாள் கையை வீசி வீசி ஓய்ந்து, தனக்குத்தான் வரவில்லை என்று விட்டுப் போயிருக்கும். எனக்கு அதை நினைத்தால்தான் தாங்கவில்லை.

எண் விஷயமும் இப்படித்தான். லைனின் முதல் 30 அடி என்ன எடையோ அதை வைத்துத்தான் அதற்கு எண். 5ஆம் எண் என்றால் 140 கிரெய்ன், ஏறத்தாழ 9 கிராம். 8ஆம் எண் 210 கிரெய்ன், பதின்மூன்றரை கிராமுக்குச் சற்று மேல். நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கம் ட்ரவுட் மீனுக்கு 5 போதும். முட்டுக்காட்டிலோ பழவேற்காட்டிலோ கொடுவாவுக்கு வீச வேண்டுமானால், கடற்காற்றை எதிர்த்து வீசவும் அந்த மீனின் இழுப்பைத் தாங்கவும் 8 வேண்டும். எந்த எண் லைனுக்கான ராடு என்பது அதன் கைப்பிடிக்கு மேலேயே எழுதியிருக்கும். அதை வாசித்துச் சொல்லுங்கள் என்று எத்தனை பேரிடம் கெஞ்சியிருக்கிறேன்! "எல்லா மீனுக்கும் சரியாக வரும், சார்" என்பதுதான் பதில். கையில் பொருளை வைத்துக்கொண்டு இரண்டு எழுத்தை வாசிக்க முடியாதா?

நம் ஊரின் உப்புக்காற்று வேறு. கோவளத்தில் வீசிவிட்டு நல்ல தண்ணீரில் அலசாமல் பரண்மேல் போட்ட ரீலை எனக்குப் பார்த்தவுடன் தெரியும். அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும், மீன் இழுக்கும்போது பிரேக்போலத் தடுக்கிற பாகம் இறுகியிருக்கும். அதன்மேல் தேங்காய் எண்ணெய் தடவிப் பளபளப்பாகப் படம் எடுத்து அனுப்புகிறார்கள். மூன்று மாதத்துக்கு முன் அப்படி ஒன்றை 4,000 ரூபாய்க்கு வாங்கினேன். பிடியைத் திருப்பினால் மாவு அரைக்கிற சத்தம் வருகிறது. பணத்தைத் திருப்பிக் கேட்டதும் விற்றவர் என் தொலைபேசி எண்ணையே தடுத்துவிட்டார்.

புதிதாக வாங்க வேண்டியதுதானே என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். நல்ல ஃப்ளை ராடு வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். அதன் விலை, அனுப்பும் செலவு, சுங்க வரி எல்லாம் சேர்ந்தால் என் சம்பளத்துக்கு எட்டாது. பழையதுதான் எங்களுக்கு இருக்கிற ஒரே வழி. பழையது வாங்குவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கைப்பிடித் தக்கை கறுத்திருக்கட்டும், பெயிண்ட் உரிந்திருக்கட்டும். நுனி ஒடிந்ததுதான், ஒட்டியிருக்கிறேன், 3,000 கொடு என்று அந்த மேடவாக்கத்துக்காரர் நேராகச் சொல்லியிருந்தால் அங்கேயே வாங்கியிருப்பேன். நுனி சற்று விறைப்பாக இருக்கும், ஆனாலும் மீன் பிடிக்கலாம். மறைத்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இப்போதெல்லாம் பையில் அங்குல டேப்பும் கொஞ்சம் பஞ்சும் வைத்திருக்கிறேன். பஞ்சை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் விட்டு உருவுவேன். லைன் அறுத்துப் பள்ளம் விழுந்த வளையம் பஞ்சைப் பிடித்து நார் நாராக இழுக்கும், அப்படிப்பட்ட வளையம் புது லைனையும் சுரண்டிவிடும். துண்டுகள் பொருந்துகிற இடத்தில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். இதைச் செய்யத் தொடங்கினாலே சிலருக்கு முகம் மாறிவிடுகிறது. "நம்பிக்கை இல்லையென்றால் விட்டுவிடுங்கள்" என்கிறார்கள். என் ஏழு மாதச் சேமிப்பை நான் சோதித்துப் பார்த்துக் கொடுக்கக் கூடாதா?

நேற்று அண்ணா நகரில் ஒருவர் 8ஆம் எண் ராடு இருக்கிறது என்றார். நான்கு துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே ஒரு படம் அனுப்புங்கள் அண்ணா என்று கேட்டேன். உறையோடு ஆறு படம் அனுப்பியிருக்கிறார். உறையைத் திறந்து ஒன்றுகூட எடுக்கவில்லை.