கப்பை விடுங்க காக்கா, கணக்கைத் திறங்க

விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஐரோப்பாவில் கால்பந்து சீசன் முடியும் மேட்ச்களும் அந்த நாட்களில்தான் வரும். ராத்திரி கண்விழிக்க ஆளும் நேரமும் உண்டு என்பதால், தொண்டி முதல் ஏர்வாடி வரை, எந்தக் கிளப்புக்கு ஓனர் நல்லவர் என்ற சண்டை சூடுபிடிப்பதும் அப்போதுதான். கிளப்பை வாங்கி வைத்திருக்கும் முதலீட்டு ஃபண்டுகளைக் குறை சொன்னால், லண்டன் கிளப்பான செல்சியின் ரசிகரிடம் பதில் தயாராக இருக்கும்: "காக்கா, 2025ல கான்ஃபரன்ஸ் லீக், கிளப் உலகக் கோப்பை ரெண்டும் செல்சிக்கு வந்துச்சே, இன்னும் என்ன வேணும்?"

கப் வந்தது நிஜம். ஆனால் ஓனர் எப்படிப்பட்டவர் என்பதற்கு அது சாட்சி ஆகாது. வாங்கிய கடன் யார் தலையில் இருக்கிறது, எப்போது விற்றுவிட்டுக் கிளம்புவார்கள் என்ற இரண்டையும்தான் கேட்கணும்.

பிரைவேட் ஈக்விட்டி ஃபண்டுக்கு ஆயுள் உண்டு, வழக்கமாக 10 வருஷம். பென்ஷன் நிதி, இன்சூரன்ஸ் கம்பெனிகள் போட்ட பணத்தில் ஒன்றை வாங்கி, சில வருஷம் வைத்திருந்து, லாபத்துக்கு விற்றுத் திருப்பிக் கொடுக்கணும். அது அவர்கள் தொழில், தப்பு சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நாற்பது வருஷம் ஒரே கிளப்பைப் பார்க்கும் ரசிகனுக்கும் அவர்களுக்கும் காலக்கணக்கு ஒத்துப்போகாது.

கடன் நமக்குப் புதுசில்லை. வியாபாரியிடம் முன்பணம் வாங்கிப் படகு இறக்கினால், பிடித்த இறாலும் நண்டும் அவர் தராசுக்குத்தான் போகும், அவர் சொல்வதுதான் விலை. மான்செஸ்டர் யுனைடெட்டில் நடந்தது அதைவிட மோசம். 2005ல் கிளேசர் குடும்பம் சுமார் 79 கோடி பவுண்டுக்கு வாங்கியபோது, வாங்குவதற்கான கடனில் பெரும்பகுதியை, அதுவரை கடனே இல்லாத கிளப்பின் தலையிலேயே கட்டியது. கிளேசர் ஃபண்ட் இல்லை, குடும்பம்தான். ஆனால் அந்தப் பணத்தில் ஒரு பங்கு ஹெட்ஜ் ஃபண்டுகள் (பணக்காரர் பணத்தை ரிஸ்க்கில் போடும் ஃபண்டுகள்) கொடுத்தது, வட்டி கட்டாமல் அசலோடு சேர்ந்து குட்டி போடும் வகை.

கப்பை நம்புகிறவர்கள் இத்தாலியின் இன்டர் மிலானைப் பார்க்கலாம். 2021ல் சீன ஓனர் சுனிங், ஓக்ட்ரீ என்ற ஃபண்டிடம் 27.5 கோடி யூரோ வாங்கினார்; வட்டி 12 சதவீதத்தை ஒட்டி. 2024 ஏப்ரலில் 20வது லீக் பட்டம். மே மாதம் கெடு வந்தபோது வட்டியோடு சுமார் 39.5 கோடி ஆகியிருந்தது, கட்டவில்லை, கிளப் ஓக்ட்ரீ கைக்குப் போனது. 2018ல் ஏசி மிலானை எலியட் என்ற ஃபண்ட் எடுத்ததும் இதே வழியில்தான். ஆனால் எலியட் சம்பளச் செலவைக் குறைத்து, கணக்கை நேராக்கி, 2022ல் பட்டமும் வாங்கி, அதே வருஷம் 120 கோடி யூரோவுக்கு விற்றுக் கிளம்பியது. அதையும் சொல்லத்தான் வேணும். பிரான்ஸின் போர்டோவுக்கு (Bordeaux) அந்த அதிர்ஷ்டம் இல்லை: 2021 ஏப்ரலில் கிங் ஸ்ட்ரீட் ஃபண்ட் இனிமேல் பணம் போடமாட்டேன் என்று கைவிட்டது, ஆறு முறை பிரெஞ்சு சாம்பியனான கிளப் 2024ல் தொழில்முறை அந்தஸ்தையே இழந்தது.

செல்சியில் பெரும்பான்மைப் பங்கு கிளியர்லேக் ஃபண்டுடையது. 2022ல் வாங்கிய விலை 250 கோடி பவுண்ட். அங்கே கணக்கு வித்தை பிளேயர்களின் ஒப்பந்தக் காலத்தை வைத்து நடந்தது; வாங்கிய விலையை ஒப்பந்த வருஷங்களுக்குப் பிரித்துத்தான் ஏட்டில் எழுதுவார்கள். என்ஸோ பெர்னாண்டஸ் என்ற பிளேயரின் விலை 10.68 கோடி பவுண்ட். எட்டரை வருஷ ஒப்பந்தம் போட்டால் கணக்கில் வருஷத்துக்கு 1.26 கோடிதான் செலவு விழும், ஐந்து வருஷம் என்றால் 2.14 கோடி. கேட்க நல்லாயிருக்கு. ஆனால் இப்படி வாங்கிய பிளேயர் சோபிக்காமல் போனால்? மூன்று வருஷம் கழித்தும் ஏட்டில் 6.9 கோடி மிச்சம் நிற்கும். அதற்குக் கீழே விற்றால் குறைகிற அத்தனையும் நஷ்டம். விற்காவிட்டால் சம்பளம் ஓடிக்கொண்டே இருக்கும். 2023ல் ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான யூஃபாவும் பிறகு இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கான பிரீமியர் லீக்கும் ஐந்து வருஷத்துக்கு மேல் இப்படிப் பிரிக்கக் கூடாது என்று கதவை மூடின.

ஏட்டில் நஷ்டத்தைக் குறைத்துக் காட்ட அடுத்த வழி, தன் இடது கையிலிருந்து வலது கைக்கு விற்பது. மூன்று வருஷத்தில் 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நஷ்டம் கூடாது என்பது அப்போது பிரீமியர் லீக் வைத்திருந்த வரம்பு. செல்சி மைதானத்தை ஒட்டிய இரண்டு ஹோட்டல்களைத் தங்கள் குழுமக் கம்பெனிக்கே 7.65 கோடிக்கு விற்றது, பிறகு பெண்கள் அணியைத் தாய்க் கம்பெனிக்குச் சுமார் 20 கோடிக்கு விற்றது. பிரீமியர் லீக் ஏற்றுக்கொண்டது. யூஃபா இதை வருமானமாகச் சேர்க்காது. 2025 ஜூலையில் 3.1 கோடி யூரோ அபராதம் போட்டது.

இதையெல்லாம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இங்கிலாந்தில் கம்பெனிகளைப் பதிவு செய்யும் கம்பெனீஸ் ஹவுஸின் தளம் இலவசம், லாகின் கூட வேண்டாம். கிளப் பெயரைப் போட்டு ‘ஃபைலிங் ஹிஸ்டரி’யில் கடைசி ஆண்டுக் கணக்கை இறக்குங்கள். பல கோப்புகள் ஸ்கேன் பக்கங்கள், வார்த்தை போட்டுத் தேட முடியாது, தள்ளித் தள்ளித்தான் போகணும். வட்டிச் செலவு, சொத்து விற்ற லாபம், சம்பந்தப்பட்ட கம்பெனிகளுடன் நடந்த கொடுக்கல் வாங்கல் ஆகிய மூன்று குறிப்புகள் போதும். ‘சார்ஜஸ்’ பகுதியில் எது யாரிடம் அடமானம் என்று இருக்கும். "கிளப்புக்குக் கடனே இல்லை" என்று மார்தட்டுகிறவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: கடன் மேலே தாய்க் கம்பெனியில் இருக்கும். அதன் பெயர் பெரும்பாலும் கணக்கின் கடைசிக் குறிப்பில் வரும், அதையும் தேடித் திறந்து பாருங்கள். யுனைடெட் மட்டும் நியூயார்க் சந்தையில் இருப்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு வெளியாகும்.

பேனர் பிடிப்பதால் ஃபண்ட் அசையாது என்றுதான் நினைக்கிறேன். சட்டப்படி கையில் ஒரு பிடி இருந்தால் அசையும். செல்சியின் ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ் மைதான நிலமும் செல்சி என்ற பெயரும் 1993ல் தொடங்கிய பிட்ச் ஓனர்ஸ் அமைப்பிடம் இருக்கிறது, பங்குதாரர்கள் ரசிகர்கள். 2011ல் அப்போதைய ஓனர் அப்ரமோவிச் நிலத்தைத் திரும்பக் கேட்டபோது தேவை 75 சதவீத ஓட்டு, கிடைத்தது 61.6. ஜெர்மனியில் 50+1 விதி ஓட்டுரிமையில் பெரும்பான்மையை உறுப்பினர்களிடம் வைத்திருக்கிறது. லீக்கின் ஒளிபரப்பு வருமானத்தில் ஒரு பங்கை ஃபண்டுக்கு விற்கும் திட்டத்தை, இப்படி ஓட்டுப் பிடி உள்ள ரசிகர்கள் மைதானத்தில் டென்னிஸ் பந்துகளை எறிந்து எறிந்தே 2024 பிப்ரவரியில் கைவிடச் செய்தார்கள்.

பிரீமியர் லீக் கிளப்புகளில் பலவற்றின் கணக்கு ஆண்டு ஜூன் 30ல் முடியும். பதிய ஒன்பது மாதம் அவகாசம், அதாவது மார்ச் 31. தடைக்காலம் தொடங்க இரண்டு வாரம் முன்னாடி. சண்டைக்கு வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு வரலாம்.