மியா ஆடினாவுக்கு ஒரு வரி போதாது

நாடு மாறிய பேட்மிண்டன் வீரர்கள் பற்றிய கட்டுரையில் மியா ஆடினாவை ‘இந்தோனேசியாவை விட்டுப் போனவர்’ என்று ஒரே வரியில் முடித்தது மனசுக்கு ஒப்பவில்லை. 1994 உபேர் கோப்பை (மகளிர் அணிகளுக்கான உலகப் பேட்மிண்டன் போட்டி) இறுதிப் போட்டி, ஜகார்த்தா. இந்தோனேசியா சீனாவுடன் 2-2 என்று நிற்கிறது. கடைசி ஆட்டத்துக்கு இறங்கியவர் 14 வயதுச் சிறுமி மியா! எதிரே சீனாவின் சாங் நிங். மூன்று செட் போராடி ஜெயித்துக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். அந்த வயதில் அவ்வளவு பாரத்தை யார் தாங்குவார்கள்? 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் வெள்ளியும் வென்றார்.

அப்புறம் கல்யாணமாகி நெதர்லாந்து போனார். சரி, அதில் என்ன துரோகம்? குடும்பம் எங்கேயோ அங்கேதானே வாழ முடியும்.

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் நெதர்லாந்துக்காக ஆடியபோது எதிரே மறுபடியும் அதே சாங் நிங். முதல் செட்டை 11-8 என்று எடுத்தார். அடுத்த இரண்டும் 6-11, 7-11 என்று கைநழுவிப் போயின. ஒலிம்பிக் ஒற்றையரில் இரண்டு நாடுகளுக்கு வெள்ளி வாங்கித் தந்தவர் அவர். 2006-ல் நெதர்லாந்து மகளிர் அணி உபேர் கோப்பை இறுதிவரை போனதே, அந்த அணியிலும் இருந்தார். கட்டுரையில் இதற்கெல்லாம் ஒரு பத்தியாவது ஒதுக்கியிருக்க வேண்டும்.